இளகிய கட்டி, இறுகிய கட்டி

மாசி பிறந்தால் மாரண்டஹள்ளிப் பக்கம் புளி உலுக்கத் தொடங்கிவிடுவார்கள். மரத்தின் மேல் ஒருவர் கிளையைப் பிடித்து ஆட்டுவார். கீழே பழம் சடசடவென்று கொட்டும். பொறுக்கி மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு திண்ணையில் வேலை. ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை எடுத்து, வெயிலில் ஒரு காய்ச்சல் காட்டிய புளி அந்த முதல் வாரத்தில் செம்பழுப்பாக, இதழ் இதழாக இருக்கும். பூப்புளி என்று அதற்குப் பெயர் வந்ததே அதனால்தான். அதையே மூட்டையில் கட்டி, மூட்டை மேல் மூட்டையாக அடுக்கி, ஆடி ஆவணியில் பிரித்துப் பாருங்கள். இதழ் எது, இடைவெளி எது என்று தெரியாது. மூட்டை முழுவதும் ஒரே கட்டியாகியிருக்கும்.

மளிகைக் கடையில் உலர்திராட்சைப் பெட்டியின் அடியிலும் இதே கதைதான். பேரீச்சம்பழப் பொட்டலம், உலர்ந்த அத்தி, மிட்டாய்க் கடைக்கு வரும் டூட்டி ஃபுரூட்டி என்று எதை மொத்தமாகச் சேர்த்துவைத்தாலும் சில மாதங்களில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் பெட்டியைத் தரையில் இரண்டு முறை ஓங்கிப் போடுவார். வீட்டில் கரண்டிக் காம்பால் குத்துவோம். இரண்டுமே பழத்தைக் காயப்படுத்துகிற வழிகள். காயப்பட்ட பழம் முன்னைவிட வேகமாக மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஏன் என்று கேட்டுக்கொண்டு போனால், நம் சமையலறைப் பாகுப் பதத்திலிருந்து பொருள்களின் இயற்பியலின் நடுப்பகுதி வரை அந்தக் கேள்வி நம்மை இழுத்துக்கொண்டு போகும்.

மாரண்டஹள்ளி, தர்மபுரியிலிருந்து ஓசூருக்குப் போகும் ரயில் பாதையில், பாலக்கோட்டுக்கும் இராயக்கோட்டைக்கும் நடுவே இருக்கும் பேரூர். பக்கத்தில் பஞ்சப்பள்ளி, அங்கே சின்னாற்றின் குறுக்கே அணை. ஹள்ளி என்றால் கன்னடத்தில் ஊர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் இங்கே ஒரே தெருவில் கேட்கும். கன்னடத்தில் புளி, ஹுணசேஹண்ணு. தெலுங்கில் சிந்தபண்டு. ஹண்ணு, பண்டு இரண்டுக்கும் பழம் என்றே பொருள். தமிழில் மரத்தில் இருக்கும்வரைதான் அது புளியம்பழம். அடுப்படிக்கு வந்ததும் பழத்தை உதறிவிட்டு, சுவையின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம். புளியும் ஓர் உலர்பழம் என்பது நமக்கு மறந்துபோனதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணமாக இருக்கலாம். அரபு வணிகர்கள் மறக்கவில்லை. தமர் ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள். புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்பதுதான் தாவரவியலாளர் கருத்து. ஆனாலும் நம் பெயரோடு சேர்ந்தே அந்தச் சொல் ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. உண்மையான பேரீச்சைத் தோப்பும் இதே தர்மபுரி மாவட்டத்தில், அரியகுளத்தில் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த ஒரு தற்செயல்.

திராட்சையை உலர்த்த வெயிலும் கொட்டகையும் வேண்டும். புளி மரத்திலேயே காய்ந்துவிடுகிறது. ஓட்டுக்குள் சதை சுருங்கி, ஓடு தனியாகக் கழன்று, ஆட்டினால் உள்ளே குலுங்கும் நிலையில்தான் அது உலுக்கப்படுகிறது. அப்போது சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். சர்க்கரை நூற்றுக்கு 25 முதல் 45 பங்கு வரை. இவ்வளவு சர்க்கரையா என்று வியப்பாக இருக்கும். அந்தச் சர்க்கரையை நாக்குக்குத் தெரியாமல் மறைப்பது 8 முதல் 18 பங்கு வரை இருக்கும் டார்டாரிக் அமிலம். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், ஆப்பிளில் மாலிக் அமிலம் என்று பெரும்பாலான பழங்கள் அந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். டார்டாரிக் அமிலத்தை இப்படி அள்ளிச் சேர்த்துவைப்பவை மிகச் சில. அவற்றில் நாம் அன்றாடம் அறிந்தவை இரண்டு, திராட்சையும் புளியும். 1848-ல் லூயி பாஸ்டர் இந்த அமிலத்தின் உப்புப் படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, இடக்கை வடிவம் ஒரு பக்கம், வலக்கை வடிவம் மறுபக்கம் என்று சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். மூலக்கூறுகளுக்கும் இடம் வலம் உண்டு என்ற அறிவு அந்தப் பொறுக்கலிலிருந்து பிறந்தது. திண்ணையில் உட்கார்ந்து கொட்டையையும் நாரையும் பிரித்துப் போடும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடுக்கி நினைவுக்கு வரும்.

கட்டிக்கு வருவோம். தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன, இளகு என்றும் இறுகு என்றும். வெல்லம் மழைக்காலத்தில் இளகுகிறது. பாகு ஆறினால் இறுகுகிறது. பழம் ஒட்டிக்கொள்வதன் இயற்பியல் முழுவதும் இந்த இரண்டு வினைச்சொற்களுக்குள் அடங்கும் என்று சொன்னால் மிகையில்லை. ஒட்டிய பழத்தைப் பிரிக்க முயல்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான். இந்தக் கட்டி இளகியதால் வந்ததா, இறுகியதால் வந்ததா? இரண்டுக்கும் மருந்து நேர் எதிர்.

கடலை மிட்டாய் செய்பவருக்கு இளகலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டி, தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வரவேண்டும். அந்தச் சத்தம் வந்த பாகில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. அது கற்கண்டு மாதிரிப் படிகமும் இல்லை. மூலக்கூறுகள் வரிசை கட்ட நேரம் கிடைக்காமல், திரவத்தில் எப்படிக் கலைந்து கிடந்தனவோ அப்படியே அசையாமல் உறைந்துபோன நிலை. சன்னல் கண்ணாடியும் இதே வகைதான் என்பதால் இதைக் கண்ணாடி நிலை என்கிறோம். கோவில்பட்டியிலிருந்து வந்த மொறுமொறு மிட்டாயை ஐப்பசி மழையில் திறந்துவைத்தால் மாலைக்குள் கையில் ஒட்டும். சூடு ஏறவில்லை, காற்றிலிருந்து சிறிது தண்ணீர் ஏறியது. அவ்வளவுதான் நடந்தது.

ஒவ்வொரு சர்க்கரைக்கும் கண்ணாடி நிலை குலைந்து இளகத் தொடங்கும் ஒரு வெப்பநிலை உண்டு. துளி ஈரமும் இல்லாத நிலையில் சாதாரணச் சர்க்கரையான சுக்ரோஸுக்கு 62 டிகிரி செல்சியஸ். குளுக்கோஸுக்கு 31. ஃபிரக்டோஸுக்கு வெறும் 5. சர்க்கரைக்கு மட்டுமல்ல, டார்டாரிக் அமிலத்துக்கும் உண்டு, 18. புளியிலும் திராட்சையிலும் பெரும்பாலான பேரீச்சை வகைகளிலும் இருப்பவை முக்கியமாகக் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும். பட்டியலில் கீழே இருக்கும் சர்க்கரைகளாகப் பார்த்து இந்தப் பழங்கள் சேர்த்துவைத்திருக்கின்றன. அதன்மேல் தண்ணீர். தண்ணீரின் கண்ணாடி வெப்பநிலை −135 டிகிரிப் பக்கம் இருப்பதால், அது கலக்கக் கலக்க மொத்தக் கலவையின் வெப்பநிலையும் சரிந்துகொண்டே போகும். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் உள்ள பழப்பாகுக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால் −60 டிகிரி அளவில் வருகிறது. மாரண்டஹள்ளியில் ஒரு வைகாசி மதியம் 35 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடங்கில் இருக்கும் புளி தன் கண்ணாடி நிலையிலிருந்து 95 டிகிரி மேலே இருக்கிறது. பார்வைக்குத் திடப்பொருள். உள்ளபடி அது மிக மிக மெதுவாக ஓடும் திரவம்.

எவ்வளவு மெதுவாக? 1955-ல் வில்லியம்ஸ், லாண்டெல், ஃபெர்ரி என்ற மூன்று வேதியியலாளர்கள் பிளாஸ்டிக், ரப்பர் போன்ற பொருள்களுக்காக ஒரு சமன்பாடு எழுதினார்கள். கண்ணாடி வெப்பநிலைக்கு மேலே ஒரு பொருள் எத்தனை டிகிரி சூடாகிறதோ, அதற்கேற்ப அதன் பாகுத்தன்மை எவ்வளவு சரியும் என்று அது சொல்லும். சரிவு தலை சுற்ற வைக்கும். கண்ணாடி வெப்பநிலைக்கு மேல் முதல் 20 டிகிரியிலேயே பாகுத்தன்மை ஏறக்குறைய 70,000 மடங்கு குறைந்துவிடுகிறது. டயர் ரப்பருக்கு எழுதியதை உணவுக்குப் பொருத்தலாம் என்று பின்னால் வந்தவர்கள் கண்டுகொண்டார்கள். பால்மாவு கட்டிபிடிப்பதும் மிட்டாய் கசிவதும் அதற்குப் பிறகுதான் கணக்குக்குள் வந்தன.

இனி இரண்டு பழங்கள் தொட்டுக்கொண்டிருப்பதைக் கற்பனை செய்யுங்கள். தொடும் இடம் முதலில் ஊசிமுனை அளவு. இரண்டு எண்ணெய்த் துளிகள் தொட்டதும் சட்டென்று ஒன்றாகிவிடுவது போல, இந்தப் பாகும் தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொள்ளத்தான் விரும்புகிறது. தொடும் இடத்தில் பாகு மெல்ல ஊறி ஒரு கழுத்துப் போல வளர்கிறது. 1945-ல் யாக்கோவ் ஃபிரெங்கெல் என்ற ரஷ்ய இயற்பியலாளர் இந்தக் கழுத்து வளரும் வேகத்தைக் கணக்கிட்டார். கழுத்தின் அகலத்தை அதனாலேயே பெருக்கினால் வரும் தொகை, கழிந்த காலத்தோடு சேர்ந்து கூடும், பாகுத்தன்மை ஏற ஏறக் குறையும். சாந்து பூசிய செங்கற்கள் ஒட்டுவது போல இது ஒரு நாளில் முடிவதில்லை. நான்கு மாதக் கழுத்து, ஒரு மாதக் கழுத்தைப் போல இரண்டு மடங்கு அகலம்.

ஃபிரெங்கெல் கணக்கில் பாரம் கிடையாது. கிடங்கில் பாரம் உண்டு. பத்து மூட்டை உயரம் அடுக்கினால் அடிமூட்டை மேலிருக்கும் ஒன்பதையும் தாங்குகிறது. ஊசிமுனைத் தொடுகை, அழுத்தத்தில் தட்டையாகிக் காசு அகலம் ஆகிறது. பழங்களுக்கு நடுவே இருந்த காற்று இடைவெளி அடைபடுகிறது. அதனால்தான் எந்தக் கிடங்கிலும் அடிமூட்டை பாறை, மேல்மூட்டை பூ.

சில இடங்களில் மேல்மூட்டையும் கட்டியாகும். அதற்குக் காரணம் தகரக் கூரை. பகலில் கூரைக்குக் கீழே இருக்கும் மூட்டை காய்கிறது. சூடான பழத்திலிருந்து கிளம்பும் நீராவி மூட்டைக்குள்ளேயே குளிர்ந்த பகுதியைத் தேடிப் போகும். இரவில் கூரை வேகமாகக் குளிர்ந்துவிட, அந்த நீராவி திரும்பி வந்து மேலடுக்கில் ஈரமாகப் படிகிறது. மொத்த ஈரம் துளியும் கூடவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் ஈரம் படிந்த அந்த ஓரடுக்குப் பாகு இளகி, ஒட்டி, பிறகு காய்ந்து, ஓடு போலாகிவிடும். நன்றாகக் காயவைத்துத்தானே கட்டினோம் என்று வியாபாரி தலையில் கைவைக்கும் பல சமயங்களில் குற்றவாளி இந்த இரவுப் பயணம்தான் என்பது என் எண்ணம். தகரத்துக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டாலே பாதி தீரும்.

திராட்சை இந்த விஷயத்தில் புளியைவிடக் கொடுத்துவைத்தது. அதற்குத் தோல் உண்டு, தோலின் மேல் மெழுகுப் பூச்சும் உண்டு. பச்சைத் திராட்சையின் மேல் சாம்பல் பூத்தது போலத் தெரிகிறதே, அதுதான். உலர்ந்த பிறகும் அந்த மெழுகு மிச்சமிருக்கும்வரை பாகு உள்ளேயே கிடக்கும். தோல் கீறினால் கதை மாறிவிடும். பெட்டியை ஓங்கிப் போடுவது பழத்தைக் காயப்படுத்தும் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான். ஒவ்வொரு அடியும் நூறு பழத்தின் தோலைக் கீறி, நூறு சொட்டுப் பசையை வெளியே விடுகிறது. புளிக்கு ஓடுதான் தோல். நாம் செய்யும் முதல் வேலையே அந்த ஓட்டை உடைத்து எறிவது. சதை அம்மணமாகக் கிடங்குக்குப் போகிறது.

இதுவரை சொன்னது இளகலின் கதை. இறுகல் வேறு. பழைய உலர்திராட்சையின் மேல் வெள்ளையாக, நறநறவென்று ஒரு பொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாகிலிருந்து பிரிந்து படிகமான குளுக்கோஸ் அது. 20 டிகிரியில் 100 கிராம் தண்ணீரில் ஃபிரக்டோஸ் ஏறக்குறைய 375 கிராம் வரை கரையும். குளுக்கோஸ் 90 கிராம் அளவோடு நின்றுவிடும். ஆகவே பழம் காயக் காய முதலில் இடமில்லாமல் வெளியே வருவது குளுக்கோஸ். குளிர்காலத்தில் தேன் உறைவதும் இதே குளுக்கோஸால்தான். இரண்டு பழங்களுக்கு நடுவே இருந்த பாகுக் கழுத்தில் இந்தப் படிகம் வளர்ந்துவிட்டால் பாலம் கல்லாகிவிடும். திராட்சையிலும் புளியிலும் இன்னொரு படிகமும் வரும். டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்த உப்பு அது. குளிர்ந்த தண்ணீரில் எளிதில் கரையாது, வெந்நீரில் கரையும். புளி கரைக்கும்போது விரலில் மணல் போல நெருடுவதில் ஒரு பங்கு உண்மையில் மணலாகவும் இருக்கலாம், இன்னொரு பங்கு இந்த உப்பாகவும் இருக்கலாம். வெந்நீர் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் சர்க்கரையும் அல்ல. பஞ்சு போல, மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தால் பூஞ்சை. வெதுவெதுப்பான நீரில் சர்க்கரை கரைந்து மறையும், பூஞ்சை மிதக்கும். கள் வாடை அடித்தால் ஈஸ்ட் வேலை செய்திருக்கிறது. அதைப் பிரிக்க முயல வேண்டாம், எறிந்துவிட வேண்டும். நல்ல வேளையாக ஒட்டிக்கொள்வதற்கும் கெட்டுப்போவதற்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நுண்ணுயிருக்குக் கைக்கெட்டும்படி இருக்கிறது என்பதே முக்கியம் என்று ஆஸ்திரேலியாவின் டபிள்யூ. ஜே. ஸ்காட் 1953-ல் காட்டினார். சுத்தத் தண்ணீருக்கு 1 என்று மதிப்பு வைத்தால், 0.6-க்குக் கீழே எந்தப் பூஞ்சையும் ஈஸ்ட்டும் வளர்வதில்லை. சரியாகக் காய்ந்த உலர்திராட்சை அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலோ கீழேயோ இருக்கும். ஒட்டுவதற்கு அந்தக் கோடெல்லாம் தேவையில்லை. 0.6-க்கு வெகு கீழேயும் பழம் ஒட்டும். கட்டியாகிவிட்டது என்பதற்காகப் பழத்தைக் கெட்டதென்று ஒதுக்குவது வீண் இழப்பு.

சரி, பிரிப்பது எப்படி? கட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக வளையுங்கள். வளைந்து, இழுபட்டு, நூல் விட்டால் அது இளகிய கட்டி. அதற்குக் குளிர் வேண்டும். வளையாமல் விண்டு, உடைந்த இடம் மினுமினுத்தால் இறுகிய கட்டி. அதற்கு இளஞ்சூடும் சிறிது ஈரமும் வேண்டும்.

குளிர் ஏன் என்பதற்கு மேலே சொன்ன சமன்பாட்டிலேயே விடை இருக்கிறது. −60 டிகிரியைக் கண்ணாடி வெப்பநிலையாக வைத்து நான் போட்டுப் பார்த்தேன். 30 டிகிரியிலிருந்து குளிர்பெட்டியின் 5 டிகிரிக்குப் போனால் பாகுத்தன்மை இருபது மடங்குக்கு மேல் ஏறுகிறது. உறைபெட்டியின் −18 டிகிரிக்குப் போனால் ஆயிரம் மடங்கைத் தாண்டுகிறது. அங்கேகூட முழுக் கண்ணாடி ஆவதில்லை. ஆனால் திடீரென்று ஒரு தட்டுத் தட்டினால் பாகுக் கழுத்துக்கு நீண்டு கொடுக்க நேரம் இருக்காது, விண்டுவிடும். ஆகவே உலர்திராட்சைக் கட்டியைக் காற்றுப் புகாத பையில் இட்டு இரவு முழுக்க உறைபெட்டியில் வைத்து, காலையில் பையோடு மேசை விளிம்பில் மெல்லத் தட்டினாலே பெரும்பகுதி உதிரும். அதே கணக்கின்படி 5 டிகிரியில் கழுத்து வளரும் அகலம், 30 டிகிரியில் வளர்வதில் ஐந்தில் ஒரு பங்குதான். பிரிக்க உதவும் குளிர், ஒட்டாமல் காக்கவும் உதவுகிறது. பெரிய ஆலைகளில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு தண்டுகளில் மழுங்கிய விரல்கள் பதித்திருப்பார்கள். கட்டி அவற்றுக்கிடையே போகும்போது விரல்கள் பழத்தை நசுக்காமல் பிய்த்துவிடும். பழம் குளிர்ந்திருந்தால்தான் அந்த விரல்களும் சரியாக வேலை செய்யும். சூடாக இருந்தால் விரல் முழுக்கப் பசை பிடித்து இயந்திரம் நின்றுவிடும்.

இறுகிய கட்டிக்குக் குளிர் காட்டினால் இன்னும் கல்லாகும். அதற்கு இட்லிப் பாத்திரத்தின் ஆவியில் இரண்டு மூன்று நிமிடம் போதும். படிகம் கரைந்து பழையபடி பாகாகும். கரைந்த கையோடு, சூடாக இருக்கும்போதே விரலால் பிரித்து, தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். ஆவியில் வைத்த பழத்தைத் திரும்பவும் டப்பாவில் அடைத்தால் இரண்டாவது கட்டி முதல் கட்டியைத் தோற்கடிக்கும். பாயசத்துக்கோ கேசரிக்கோ போடுவதானால் பரப்பி ஆற்றும் வேலையும் இல்லை.

பிரித்த பின் மறுபடி ஒட்டாமல் இருக்க ஆலைக்காரர்கள் எண்ணெய் தடவுவார்கள். திராட்சை மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு தாவர எண்ணெய். கீறுபட்ட மெழுகுக்குப் பதில் மெழுகு. பலாப்பழம் அறுக்கும் முன் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அந்த அறிவுதான். நறுக்கிய பேரீச்சைத் துண்டுக்கு எண்ணெய் போதாது, அரிசி மாவோ ஓட்ஸ் மாவோ தூவுவார்கள். பாகு கழுத்து வளர்க்கும் முன்பே மாவு அந்த ஈரத்தைக் குடித்துவிடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இப்போது நேர்மாறாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. புளியைப் பொறுத்தவரை கட்டி ஒரு நோயே அல்ல. எங்கள் ஆயா புளியை மண்பானையில் போடும்போது ஓர் அடுக்குப் புளி, ஒரு பிடி கல்லுப்பு என்று போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் முஷ்டியால் குத்திக் குத்தி அமுக்குவார். உதிரியாக இருந்ததை வேண்டுமென்றே கட்டியாக்குவார். பானையில் காற்றுக்கு இடம் வைக்கக் கூடாது என்பார். அவர் சொன்னதைக் கணக்காக்கிப் பார்க்கலாம். ஒரு கிலோ புளி ஐந்து கிராம் துண்டுகளாக 200 துண்டு கிடந்தால், அதே ஒரு கிலோ ஒரே கட்டியாக இருப்பதைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு மேற்பரப்பு காற்றுக்குத் தெரியும். புளி கறுப்பதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஒரு காரணம். 1912-ல் லூயி-கமீல் மெயிலார்டு விவரித்த சர்க்கரை–அமினோ அமில வினை மற்றொன்று. இரண்டாவதைக் கட்டியால் தடுக்க முடியாது, குளிர்தான் தடுக்கும். செம்பழுப்பு மாறாமல் வைத்து விலை வரும்போது விற்க நினைக்கும் வியாபாரிகள் குளிர்பதனக் கிடங்குக்குப் போவது அதனால்தான். முதலாவதைக் கட்டியே தடுக்கிறது. மேலோடு கறுத்தாலும் உள்ளே பழுப்பாக இருக்கும் புளி உருண்டையை உடைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

உப்புக்கு இரண்டு முகம். பழத்தின் தண்ணீரைத் தன்னோடு கட்டிப்போட்டு நுண்ணுயிருக்குக் கிடைக்காமல் செய்வது நல்ல முகம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் கரையத் தொடங்குவது மற்ற முகம். ஃபிரக்டோஸ் இன்னும் அவசரக்காரன், 62 சதவீதத்திலேயே கரையும். மழைக்கால விடியலில் காற்று இந்த இரண்டு எல்லையையும் தாண்டுவது சாதாரணம். "ஈரக் கையோட புளிப்பானையில கை வைக்காத கண்ணு" என்று ஆயா அதட்டியது ஒரு கையின் ஈரத்துக்கு. மூடி சரியில்லாத பானைக்குள் ஐப்பசிக் காற்று அதைவிட அதிகம் கொண்டுவந்து கொட்டும். கொட்டையை எடுத்துவிட்டு வைப்பதிலும் காரணம் உண்டு. காரியெடான் செரேட்டஸ் என்ற வண்டு புளியின் மேல் முட்டையிடும், அதன் புழு கொட்டைக்குள் புகுந்து வளரும். நிலக்கடலையையும் அது விடாது. கொட்டையோடு வைத்த புளியில் அது துளைத்துக்கொண்டு வெளியே வரும் வழியெல்லாம் பொடியும் எச்சமும்.

கட்டியே கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் புளித்தூளாக்கலாம். மைசூரில் 1950 முதல் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் கெட்டியாக்கிய புளிச்சாற்றுக்கும் புளித்தூளுக்கும் செய்முறைகள் உருவாக்கியிருக்கிறது. தூளாக்குவதில் வரும் தலைவலியும் அதே கண்ணாடி வெப்பநிலைதான். குளுக்கோஸ் 31, டார்டாரிக் 18, ஃபிரக்டோஸ் 5. சூடான காற்றில் சாற்றைத் தெளித்துக் காயவைத்தால், தூளாவதற்குப் பதில் சுவரில் பசையாக அப்பிக்கொள்ளும். அதனால் 100 டிகிரிக்கு மேல் கண்ணாடி வெப்பநிலை உள்ள மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளைக் கலந்து மொத்தக் கலவையையும் மேலே தூக்குகிறார்கள். கடையில் புளித்தூள் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்தப் பெயர் பெரும்பாலும் இருக்கும். அந்தப் பொட்டலத்தில் நீங்கள் வாங்குவது புளி மட்டுமல்ல, உதிரியாக இருப்பதற்கான விலையும் சேர்த்துத்தான்.

மாரண்டஹள்ளித் திண்ணைகளில் இன்னும் கையால்தான் எல்லாமே நடக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. புளிச்சாற்றின் அமிலத்தன்மை எலுமிச்சைச் சாற்றுக்கு அருகில் வரும். நாள் முழுக்க அதில் அளைந்தால் நகக்கண் வெந்து, விரல் இடுக்கு வெடிக்கும். கட்டியான புளியைப் பிய்ப்பது அந்த விரல்களுக்கு இரட்டைத் தண்டனை. அதனால்தான் வெப்பநிலையைப் பற்றி இவ்வளவு எழுதினேன். ஓடு உடைக்க உச்சி வெயில் நல்லது, காய்ந்த ஓடு பட்டென்று போகும். சதையிலிருந்து கொட்டை எடுக்க விடிகாலை நல்லது. 35 டிகிரியில் விரலோடு இழுபடும் சதை, 20 டிகிரியில் விட்டுக்கொடுக்கும். வேலையை வெயிலுக்கும் நிழலுக்குமாகப் பிரித்துக்கொள்ள ஒரு இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை. கூலியைக் கிலோவில் கணக்கிடும்போது, முந்தின வருடக் கட்டிப்புளிக்கும் இந்த வருட உதிரிப்புளிக்கும் ஒரே விலை வைப்பது சரியில்லை என்பதும் என் கருத்து. ஒரு கிலோ கட்டியில் இருக்கும் உழைப்பு வேறு.

குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும் மூட்டைக்கு இன்னொரு கவனம் வேண்டும். வெளியே 30 டிகிரி, காற்றில் 70 சதவீத ஈரப்பதம் என்றால், 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் பனி படியும். சில டிகிரிக் குளிரில் வந்து இறங்கும் மூட்டையின் வாயை அவசரப்பட்டுப் பிரித்தால், ஈரம் நேராகப் பழத்தின் மேல் இறங்கி, நான்கு மாதம் குளிரில் காத்தது ஒரு மணி நேரத்தில் பசையாகிவிடும். பிரிக்காமல் வைத்தால் அந்தப் பனி சாக்கின் வெளிப்புறத்திலும், உள்ளே பாலித்தீன் உறை இருந்தால் அதன் மேலும் படிந்து, தானே காயும். மூட்டையை நிழலில், மரப்பலகை மேல், நாலு பக்கமும் காற்றாடும்படி ஒரு நாள் முழுக்க விட்டுவிட வேண்டும். மறுநாள் காலை சாக்குக்குள் உறையைத் தொட்டுப் பார்த்து, கையில் சில்லென்று படவில்லை என்றால் கட்டை அவிழ்க்கலாம்.